ஷ்யாமளா வாங்கிய கம்பெனி

"வந்துடுத்து!" என்று வைத்தீஸ்வரன் போனைத் தூக்கிக் காட்டினார். சம்பந்தி ஆகப்போகிறவர்கள் அப்போதுதான் ஜவ்வரிசி போட்ட சாபுதானா வடையில் கை வைத்திருந்தார்கள்.

மும்பை, செம்பூர் திலக் நகர். மகள் சுஷ்மாவின் கல்யாணத்துக்குத் தேதி குறிக்க, பையனின் அப்பா பஞ்சுவும் அம்மா சாருலதாவும் மாட்டுங்காவிலிருந்து வந்திருந்தார்கள். பையனும் பெண்ணும் ஒரே ஆபீசில் வேலை பார்த்து, தாங்களே பேசி முடித்துவிட்டார்கள். பெரியவர்களுக்குப் பஞ்சாங்கம் பார்க்கிற வேலைதான் பாக்கி.

"என்ன சார் வந்துடுத்து?" என்றார் பஞ்சு.

"டிவிடெண்ட்! உதயகிரி அசெட் மேனேஜ்மென்ட். ஊரார் பணத்தை வாங்கி முதலீடு பண்ற கம்பெனி. ஏழு வருஷமா ஒரு வருஷம் தப்பினதில்லை. கோவிட்லகூடக் குடுத்தான். இந்த வருஷம் இன்னும் ஜாஸ்தி!"

பஞ்சு பேங்கிலிருந்து ரிடையர் ஆனவர். வடையைக் கீழே வைத்துவிட்டார்.

"பக்கா ரெகார்டு! அப்பவே இதைப் பிடிச்சேளே, உங்க செலக்‌ஷன் பிரமாதம் சார்."

"நானா? ஐயையோ, எல்லாம் இவ பண்ணின கூத்து!"

காபியோடு வந்துகொண்டிருந்த மனைவி ஷ்யாமளாவைக் காட்டினார். சுஷ்மாவின் முகம் சுருங்கியது. அடுத்து வரப்போவது அவளுக்கு மனப்பாடம். கொலுவோ தீபாவளியோ, வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்பியதில்லை.

"நான் ரிடையர் ஆன பணத்தை அவா நடத்தற மியூச்சுவல் ஃபண்டுல போடச் சொன்னேன். இந்த மகராஜி கம்ப்யூட்டர்ல பட்டனை அமுக்கி, ஃபண்டை விட்டுட்டு அந்தக் கம்பெனியோட ஷேரையே வாங்கிட்டா! ஹோட்டல்ல போய்ச் சாப்பிட்டு வாடின்னா, ஹோட்டலையே வாங்கிண்டு வந்து நிக்கறா!"

பஞ்சுவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. சாருலதா பெருமையாகச் சொன்னாள்.

"எங்காத்துல நான் பணத்தையே தொடமாட்டேன் மாமா. வம்பே இல்லை பாருங்கோ."

ஷ்யாமளாவும் கூடச் சேர்ந்து சிரித்தபடி காபியை வைத்துவிட்டு உள்ளே போனாள். சுஷ்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவின் பின்னாலேயே சமையலறைக்குள் நுழைந்தாள்.

"போதும்மா, போதும்! இப்பவே போய் உண்மையைச் சொல்லப் போறேன்."

"மெதுவாப் பேசுடி! என்ன உண்மை?"

"பட்டனை அமுக்கினது அப்பா. நான் பக்கத்துலயே உக்காந்துண்டிருந்தேன். நீ அன்னிக்குச் சயான்ல கச்சேரி கேக்கப் போயிட்டே. நீ ஆத்துலயே இல்லை!"

ஷ்யாமளா குழாயைத் திறந்துவிட்டாள், ஹாலுக்குக் கேட்காமல் இருக்க.

"ஆறே மாசத்துல விலை பாதியா விழுந்துதே, உங்கப்பா எப்படி இருந்தார்னு மறந்துட்டியா? சொந்தக்காரா போன் வந்தாலே நடுங்குவார். அணுசக்தி நகர்ல அக்கவுண்ட்ஸ் ஆபீசரா இருந்த மனுஷன், சொந்தப் பணத்துலயே கோட்டை விட்டாருன்னு ஊர் சிரிக்காதா? அதான் நான் பண்ணினேன்னு சொல்லிட்டேன். எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"அது விலை விழுந்தப்போ. இப்பதான் மூணு மடங்கு ஆயிடுத்தே, இன்னும் எதுக்கு இந்தப் பொய்? அந்த மாமி முன்னாடி உன்னை ஜோக்கர் ஆக்கணுமா? நாளைக்கு அந்த ஆத்துல போய் நான் பணத்தைப் பத்தி வாயைத் திறந்தா, 'ஓஹோ, அம்மா மாதிரியா?'ன்னு கேப்பா. என்னால கேட்டுண்டு இருக்க முடியாது."

"கல்யாணம் பேசற நேரம்டி. சுஷ்மா... ஏய், சுஷ்மா!"

சுஷ்மா அதற்குள் ஹாலில் இருந்தாள்.

"அங்கிள், ஒரு விஷயம். அந்த ஷேரை வாங்கினது எங்கம்மா இல்லை. அப்பா. தப்பா பட்டனை அமுக்கினதும் அப்பாதான். அம்மா அப்போ ஆத்துலயே இல்லை."

வாயருகே கொண்டுபோன காபியைச் சாருலதா கீழே வைத்துவிட்டாள். பஞ்சு, வைத்தீஸ்வரனையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். கதவோரம் வந்து நின்ற ஷ்யாமளா, பஞ்சாங்கத்தை மூடிவிட்டுக் கிளம்பிவிடுவார்களோ என்று பயந்து போனாள்.

வைத்தீஸ்வரன் மட்டும் நிதானமாகக் காபியை உறிஞ்சினார்.

"உண்மைதான் சார். நான்தான்."

"அப்போ என்ன சார் இது!" பஞ்சுவுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "இப்பேர்ப்பட்ட ரெகார்டு உள்ள ஷேர்! நான் வாங்கினேன்னு காலரைத் தூக்கி விட்டுக்க வேண்டாமா? பாவம், எதுக்கு மாமியைப் போட்டுக் கேலி பண்றேள்?"

"இவளைப் புகழ்ந்து சொன்னா, 'நான் இல்லை, அவர்தான் வாங்கினார்'னு போட்டு உடைச்சுடுவா சார். கேலி பண்ணினாத்தான் சிரிச்சுண்டு பேசாம இருக்கா."

"அதான் ஏன்னு கேக்கறேன்?"

வைத்தீஸ்வரன் டம்ளரை வைத்துவிட்டு, கதவோரம் நின்ற மனைவியைப் பார்த்தார்.

"விலை விழுந்து ஊரே துக்கம் விசாரிச்சப்போ, 'நான்தான் வாங்கினேன்'னு முன்னாடி வந்து நின்னது இவ. டிவிடெண்ட் வர்ற அன்னிக்கு மட்டும் நான் வந்து நிக்கலாமா சார்?"