எழுபத்திரண்டு கிலோ பொய்

‘தொட்டி காலியில்லை’ என்று சிவப்பாக எழுதிக் காட்டியது கன்ட்ரோலர்.

ஷாம்பூ கலக்கும் தொட்டி. காலையில்தான் கழுவி முடித்தது. உள்ளே சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. ஆனால் எழுபத்திரண்டு கிலோ இருக்கிறதாம்.

பொய்யிலும் ஒரு நியாயம் வேண்டாமா?

இந்தக் கன்ட்ரோலருக்கு வாய் நீளம். இன்றைக்கு இது மூன்றாவது புகார். முதலில் ‘மிக்ஸர் பூட்டப்பட்டுள்ளது’ என்றது. தொட்டிக்குள் இறங்குகிறவர் மிக்ஸர் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டுவிட்டு இறங்க வேண்டும், ஏறி வந்ததும் கழற்ற வேண்டும். இங்கே அதுதான் சட்டம்.

கழுவுகிறவர் என் மச்சான், அக்கா புருஷன். அக்கா அழுதாளே என்று நான்தான் வேலையில் சேர்த்துவிட்டேன். உன் கண் முன்னாலேயே வைத்துப் பார்த்துக்கொள் என்றாள். மச்சான் சட்டத்தில் பாதியை ஒழுங்காகக் கடைப்பிடிப்பார். பூட்டைப் போடுவார், கழற்ற மறந்துவிட்டு கேன்டீனுக்குப் போய்விடுவார். அதற்காகவே ஒரு கள்ளச்சாவி செய்து சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். வழக்கம்போல அவர் பரம்பரையையே வாழ்த்திக்கொண்டு திறந்தேன்.

அடுத்து ‘மூடி திறந்திருக்கிறது’ என்றது. மூடியின் சென்சார் செத்து மாதக்கணக்காகிறது. பேனலுக்குள் இரண்டு ஒயரை முறுக்கிவிட்டால் வாயை மூடிக்கொள்ளும். முறுக்கினேன்.

இப்போது எடை.

மேனேஜர் என் பிடரியில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார். மதியத்துக்குள் லாரியில் சரக்கு ஏறாவிட்டால் நாளைக்கு நான் வர வேண்டாம் என்று காலையிலேயே அன்போடு சொல்லியிருந்தார். கன்ட்ரோலரை விற்ற கம்பெனியின் எஞ்சினியர் போனில் இருந்தார். மூவரும் ஆராய்ந்தோம்.

எடை பார்க்கும் சென்சாரில் ஈரம் இறங்கியிருக்கும் என்றார் எஞ்சினியர். கரண்ட் சரியில்லை என்றார் மேனேஜர். கன்ட்ரோலரை அணைத்துப் போட்டேன். எழுபத்திரண்டு. ஒயரைக் கழற்றி மாட்டினேன். எழுபத்திரண்டு. தலையில் ஒரு தட்டு தட்டினேன். அதற்கும் அசையவில்லை.

தொட்டி எங்கள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. ஏணியில் ஏறி எட்டிப் பார்த்திருக்கலாம். ஏணியில் ஏறுவதெல்லாம் ஒரு விஞ்ஞானமா?

“அந்த எழுபத்திரண்டையே ஜீரோன்னு வச்சுக்கச் சொல்லுங்க சார், ஆளை அப்புறமா அனுப்புறோம்” என்றார் எஞ்சினியர்.

இதற்கா இவ்வளவு படித்தார்? ஆனால் வேலை செய்தது. ஒரே பொத்தான், எண் பூஜ்யமாகி, சிவப்பு போய்ப் பச்சை வந்தது. மேனேஜர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்த மனுஷனுக்குப் பல் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

ஸ்டார்ட்டை அழுத்தினால் முதலில் கொதிநீர் இறங்கும், கூடவே பிளேடு சுற்றும். விரலைக் கொண்டுபோனேன்.

திரை மறுபடி சிவந்தது.

மைனஸ் எழுபத்திரண்டு.

“சனியன் புடிச்ச மிஷினு!” மேனேஜர் மேசையில் குத்தினார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

ஒரு கன்னம் முழுக்கத் தூக்கத்தின் கோடுகளோடு, கொட்டாவி விட்டபடி, தொட்டியின் ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தார் மச்சான்.

விரலை எடுத்துக்கொண்டேன். பேனலைப் பிடித்துக்கொண்டேன். அக்காவின் முகம் வந்து வந்து போனது.

மச்சான் நேராக மிக்ஸர் சுவிட்சுக்குப் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக, கழற்ற ஞாபகம் வந்திருக்கிறது.

சுவிட்சைத் தடவிப் பார்த்தார். குனிந்து தரையிலும் தேடினார்.

“மாப்ள, என் பூட்டைப் பாத்தியா?”