கேட்பாரற்ற சாமான்

உக்குவளையில் இராணுவம் வாடகைக்கு எடுத்திருந்த களஞ்சியத்தில், யுத்தகாலத்து லொறிகளின் உதிரிப்பாகங்கள் கூரையைத் தொட்டன.

"அஞ்சு வருசமா ஆரும் கேக்காத சாமானையெல்லாம் கழிச்சுவிடும்" என்றார் கப்டன் கனகரத்தினம், களஞ்சியப் பொறுப்பாளர் சாலிஹிடம். "பாதி இடம் போதும். வாடகையும் பாதியாகும்."

மாலைக்குள் கியர் பெட்டிகளும் ரேடியேட்டர்களும் வெளியேறின. மூலையில் சாக்கு சுற்றிய ஒன்று மட்டும் மிஞ்சியது.

"அது?"

"அத மட்டும் வீச ஏலாது சேர்."

"எந்த வண்டிக்குரியது?"

சாலிஹ் தலைகுனிந்தார். "வண்டிச் சாமான் இல்ல சேர்."

கப்டன் சாக்கை விலக்கினார். உள்ளே ஒரு மரத் தொட்டில் இருந்தது.

"எங்கட ஊட்டுது சேர். ஆறு வருசத்துக்கு முந்தி புள்ள மௌத்தாப்போச்சு. இது கண்ணுல படவேணாம்னு பொஞ்சாதி ஸரீனா அழுதா. வீச மனசு வரல்ல. இங்க கொண்டாந்து வெச்சேன்."

கப்டனின் குரல் தணிந்தது. "ஆறு வருசமா ஒருத்தரும் கேக்காததை இன்னும் ஏன் சாலிஹ் வச்சிருக்கிறீர்?"

சாலிஹ் தொட்டிலின் தூசியைத் தன் சட்டைக் கையால் துடைத்தார்.

"நேத்து ஸரீனா கேட்டா சேர்."