பதினேழாம் நம்பர்

"நம்பர் பதினேழு யாருங்க? உள்ள வாங்க!"

நர்ஸ் ஜெனிட்டா கூப்பிட்டதும் பெஞ்சிலிருந்து இரண்டு கிழவர்கள் ஒன்றாக எழுந்தார்கள்.

"பேஷன்ட் ஒருத்தர்தானே?"

"நான்தாம்மா. இவன் தொணைக்கு," என்றார் ராஜப்பா.

தங்கவேலு மைசூர் பாகை மென்றபடி தலையாட்டினார். கோலார் தங்கச் சுரங்கத்தில் இருவரும் ஒரே ஷிப்ட். ஒருவர் மட்டம் போட்டால் மற்றவர் அவருடைய டோக்கனைக் காட்டிச் சுரங்க லிஃப்டான கேஜில் இறங்கிவிடும் அளவுக்குச் சிநேகம். சுரங்கத்தை மூடியும் அது மட்டும் மூடவில்லை.

ராஜப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி. கல்லீரல் சுருங்கிப் போயிருந்தது. பழைய மாத்திரையோடு புது மாத்திரை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிற சோதனை இந்த பெங்களூரு ஆஸ்பத்திரியில் நடக்கிறது என்று கேள்விப்பட்டு, கெஞ்சிக் கூத்தாடிச் சேர்ந்திருந்தார். ஆளுக்கொரு நம்பர். ஒரு சொட்டுக் குடித்தாலும் நம்பர் ரத்து. போன வாரம் ரத்தம் எடுப்பதற்கு முதல் நாள்தான் பேரன் சரத்தின் கல்யாணம். மனிதர் மூன்று ரவுண்டு விட்டிருந்தார்.

"மாட்டினா மாத்திர போச்சுடா. நானும் போயிட்டேன்," என்று முணுமுணுத்தார்.

"சும்மா வாடா. நான் கீறேன்ல?"

உள்ளே டாக்டர் நளினிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஐயா, ஆறே மாசத்துல வைரஸ் சுத்தமா இல்ல! இப்படி ஒரு ரிப்போர்ட்டை நான் பார்த்ததே இல்ல!"

"எல்லாம் உங்க மருந்தும்மா!" ராஜப்பா கும்பிட்டார்.

"ஆனா சர்க்கரை நானூத்தி இருபது! உங்களுக்குத்தான் சர்க்கரையே கிடையாதே? புது மாத்திரையோட வேலையாத்தான் இருக்கும். இன்னிக்கே நிறுத்திடலாம்."

ராஜப்பா நாற்காலி நுனிக்கு வந்தார். "நிறுத்தாதீங்கம்மா... அது வந்து..."

தங்கவேலு மெல்வதை நிறுத்தினார். "டாக்டரம்மா, நானூத்தி இருபதுன்னா ரொம்ப மோசங்களா?"

"பின்ன? அப்படியே விட்டா கண்ணு, கிட்னி எல்லாம் போயிடும். ஸ்வீட்டை இனிமே தொடவே கூடாது. பயப்படாதீங்க, உங்க ஃப்ரெண்டை நாங்க பார்த்துக்கறோம்."

தங்கவேலு வாயில் இருந்ததை அவசரமாகக் கைக்குட்டையில் துப்பினார்.

"அவன உடுங்கம்மா! அன்னிக்குப் பதினேழாம் நம்பருக்கு ரத்தம் எடுக்கக் கைய நீட்டினவன் நான். என்னப் பாருங்க!"