சேதுமாதவன் சிரித்த சிரிப்பு

ஆண்டிஸ் மலையில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டே, முன்னால் போன வழிகாட்டியைக் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லி, "பாய், தோடா ஆஹிஸ்தா" என்றேன்.

அவர் பெரு நாட்டுக்காரர். இந்தியைக் கண்டாரா?

ஆனால் துபாய் அல் குசைஸில் இத்தனை வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டால், தமிழ் தெரியாத ஆள் யாராயிருந்தாலும் நாக்கு தானாக இந்திக்குத் தாவிவிடுகிறது.

அவர் அன்பாகத் தலையாட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

நாலு எட்டு வைத்தால், கம்ப்ரெஸரைத் தோளில் வைத்துக்கொண்டு மாடி ஏறினதுபோல் இருந்தது. குளிரோ, ரூம்காரர்களிடம் இரவல் வாங்கிய மூன்று ஸ்வெட்டரையும் தாண்டி உள்ளே வந்தது. குளிர வைப்பதுதான் என் தொழில். அந்தப் பாவம்தான் போலிருக்கிறது.

எதிரே மலை, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக, ஜவுளிக்கடைக்காரர் புடவைகளை உதறி விரித்துவிட்டு மடிக்க மறந்த மாதிரி கிடந்தது. காதில் குஞ்சம் கட்டிய லாமாக்கள் எங்களை ஏளனமாகப் பார்த்தன.

"ஒட்டகத்துல திமில எடுத்துட்டு, கம்பளி போத்தி விட்ருக்காங்க" என்றேன்.

சங்கீதா சிரிக்கவில்லை.

என் ஜோக்குக்கு என் மனைவி சிரிக்காதது புதிதல்ல. ஆனால் காலையிலிருந்தே ஒரு மாதிரி இருந்தாள். நடக்கிறாள். நிற்கிறாள். குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து என் முகத்தைப் பார்க்கிறாள். மறுபடி நடக்கிறாள்.

வீட்டை நினைக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பெரம்பலூரில் எங்கள் மாடி பூச்சில்லாமல், ஜன்னலுக்குச் சாக்கு கட்டி நிற்கிறது. அப்படி இருக்கையில்தான், பிரியாணி அரிசி வாங்கிய கூப்பனுக்கு துபாய் சூப்பர் மார்க்கெட் குலுக்கலில் இந்தப் பயணம் விழுந்தது. இருவருக்கு.

மச்சினன் விமல் முதல் எல்லோரும் கேட்டது ஒன்றுதான். காசாகக் கொடுப்பார்களா?

மாட்டார்களாம் என்று சொல்லிவிட்டேன். சங்கீதாவிடமும்.

டிக்கெட்டைக் கொடுக்கும்போது கடை மேனேஜர் சேதுமாதவன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மலையேறப் போகும் என் தொப்பையைப் பார்த்துத்தான் என்று நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

லீவில் ஊருக்குப் போனால் பாதி நாள் காதுகுத்து, மீதி நாள் கொத்தனார். அவளும் நானும் மட்டுமாக நடந்தது பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான். அதுவும் நான் திரும்பிப் போகும்போது, நடுவில் ஒரு பெட்டியோடு.

உச்சிக்கு வந்துவிட்டோம். பனிமலை ஒன்று வெள்ளை வெளேரென்று எழுந்து நின்றது.

சங்கீதா அதைப் பார்க்கவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

"ஏங்க. ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு புள்ள."

"அந்தக் கடை மேனேஜரு பாஸ்போர்ட் நம்பர் கேட்டு எனக்குப் போன் பண்ணாரு. காசா வேணும்னாலும் தர்றோம்மான்னாரு. உங்ககிட்ட யாரோ தப்பா சொல்லியிருக்காங்க." ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். "நான்தான், காசு வேணாம், டிக்கெட்டே குடுங்க, எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிய வேணாம்னு சொல்லிட்டேன். மாடி எங்க ஓடிப்போவுது."

முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. சிரிப்பு வந்தது. அந்த உயரத்தில் சிரிப்புக்கும் மூச்சுக்கும் சேர்த்துக் காற்று போதாது. இருமி, விக்கி, கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வழிகாட்டி ஆக்சிஜன் டப்பாவோடு ஓடி வந்தார்.

"மாஃபி முஷ்கில், பாய்" என்று, ஒன்றுமில்லையென அரபியில் அவரைத் தேற்றினேன்.

சங்கீதா பயந்துபோய் என் நெஞ்சைத் தடவினாள். "கோவத்துல மூச்சடைக்குதா?"

தலையாட்டினேன், இல்லையென்று. "டிக்கெட் வாங்கறப்ப நான் சொன்னதக் கேட்டு அந்த மேனேஜரு ஏன் அப்படிச் சிரிச்சாருன்னு இப்பத்தான் புரியுது."

"ஏன், நீங்க என்ன சொன்னீங்க அவர்ட்ட?"

ஆக்சிஜனை ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டேன்.

"நீ சொன்னதத்தான்."