அவள் குரலில் ஒரு விலை

அவள் கம்ப்யூட்டர் திரையில் டாலர் விலைச் சார்ட்டைத் தலைகீழாகத் திருப்பினாள்.

ஒரு பொத்தான்தான். ஏறிக்கொண்டிருந்த டாலர் இறங்குகிற டாலராகிவிட்டது.

மேசைக்கு அந்தப் பக்கம் அண்ணன் தெய்வசிகாமணி முனகினார். ஒழுங்காக இருக்கிற படத்தைக் கவிழ்த்துப் பார்க்கிற ஆளைத் திருப்பூரிலேயே இந்த ஆபீசில்தான் பார்க்கலாம் என்றார்.

அவள் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தாள்.

பனியன் ஏற்றுமதி செய்கிறவர்கள் டாலர் சார்ட்டைப் பார்ப்பது, பெற்றவர்கள் பிள்ளையின் ஜாதகத்தைப் பார்ப்பது மாதிரி. நல்லது மட்டும்தான் கண்ணில் படும். டாலர் ஏறினால் அவர்களுக்கு லாபம். அதனால் எந்தக் கோடும் ஏறப்போகிற கோடாகவே தெரியும்.

அவளும் அதே ஊர்தான். அதே ஆசைதான். அந்த ஆசையைக் கொஞ்ச நேரம் கழற்றி வைக்க அவளுக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

கவிழ்த்த படத்தில் விலை மூன்று முறை ஒரே இடம் வரை இறங்கியிருந்தது. மூன்று முறையும் யாரோ தூக்கிவிட்டிருந்தார்கள். இது வேறு யாருடைய பணமாகவாவது இருந்தால், இதற்குக் கீழே போகாது என்று யோசிக்காமல் சொல்லியிருப்பாள்.

படத்தை நேராக வைத்தாள்.

அப்படியானால், இதற்கு மேலே போகாது.

பனியன் ஆர்டர் கொடுத்த ஜெர்மனிக்காரனின் பணம் வந்துசேர இன்னும் சில மாதங்கள் ஆகும். வரப்போகிற அந்த டாலருக்கு இன்றைக்கே பேங்கில் விலை பேசி வைத்துவிடலாம். பேசிவிட்டால், பிறகு ஏறினாலும் இறங்கினாலும் அந்த விலைதான். பேசாமல் காத்தும் இருக்கலாம். ஆர்டரின் லாபம் முழுக்க அந்த விலைக்குள்தான் இருந்தது.

காத்திருக்கச் சொன்னது டீக்கடை. காலையில் அங்கே போன அண்ணன் நல்ல தெம்போடு திரும்பியிருந்தார். இன்னும் ஏறும் என்று ஊரே சொல்கிறதாம். இப்போது விற்கிறவனுக்குக் கிறுக்குப் பிடித்திருக்க வேண்டுமாம்.

இன்றைக்கே பேசிவிடலாம் என்றாள் அவள்.

அப்பா போன பிறகு சார்ட் பார்ப்பது எப்போதும் அவள்தான். பேங்குக்குப் பேசுவது அண்ணன். அவள் சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் சொல்லுவார். சாருக்குக் கணக்கே தப்பாது என்பார்கள் பேங்கில். அவர் அதைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்வார். அவளுக்கு எரியும். எரிந்ததை யாரிடமும் சொன்னதில்லை.

இன்று அவர் போனை அவள் பக்கம் தள்ளினார்.

"அப்ப நீயே பேசிக்க அம்மணி. டாலர் ஏறிப்போச்சுன்னா, அப்பறம் இந்தச் சார்ட்டுப் பக்கமே வரக்கூடாது."

பயந்துவிடுவாள் என்று நினைத்திருப்பார்.

அவள் எடுத்தாள்.

பேங்கில் டாலர் விலை சொல்கிற டீலர், சாரிடம் கொடுக்கச் சொன்னான். நான்தான் பேசுகிறேன் என்றாள். அவன் கொஞ்சம் தயங்கினான். பேங்கில் இருக்கிற கம்பெனிக் காகிதத்தைப் பார்த்திருப்பான். கம்பெனியில் அவளும் பங்குதாரர். பேங்கில் அவள் கையெழுத்து எப்போதோ ஏறிவிட்டது. குரல்தான் ஏறவில்லை.

அந்த லைனில் பேசுவதெல்லாம் பதிவாகும். டீலர் சொல்கிற விலை நொடிக்கு நொடி மாறும். சம்மதம் என்பதற்கு 'டன்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது. காகிதமெல்லாம் அப்புறம்தான்.

"பேரு சொல்லுங்க மேடம். ரெக்கார்டுக்கு."

சொன்னாள். இனிஷியலோடு, நிறுத்தி.

தன் பெயரை அவ்வளவு நிதானமாக அவள் எங்கேயும் சொன்னதில்லை.

அவன் விலை சொன்னான்.

கீழே தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அத்தனையும் தன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

"டன்."

குரல் நடுங்கவில்லை. நடுங்கவில்லை என்பதை அவள் காதாலேயே கேட்டாள். பெருமையாக இருந்தது. அதைச் சொல்வதற்கென்ன கூச்சம்.

டீலர் தொகையையும் விலையையும் அவள் பெயரையும் திரும்ப வாசித்தான். சரி என்று வைத்தாள்.

டாலர் ஏறியது.

போனிலிருந்து கையை எடுப்பதற்குள் மூன்று பைசா. கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு.

அண்ணன் எழுந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

போனுக்குக் கை நீட்டினார். இப்போதே கூப்பிட்டால் ரத்து செய்துவிடலாம் என்றார். கொஞ்சம் பணம் கையை விட்டுப் போகும், பரவாயில்லை. டீலர் தனக்குப் பழக்கம். தங்கச்சி தெரியாமல் சொல்லிவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவள் போனின் மேல் கையை வைத்தாள்.

திரையைப் பார்த்தாள். விலை மூன்று முறை முட்டித் திரும்பிய அந்தப் பழைய உச்சியை நெருங்கியிருந்தது. இன்னும் தொடவில்லை. தாண்டாது என்று சத்தியம் செய்ய அவளால் முடியாது. யாராலும் முடியாது.

"தெரிஞ்சுதாண்ணா சொன்னேன். தப்பாப் போனாலும் அது எம் பேர்லயே இருக்கட்டும்."

நீட்டிய கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்த பேனாவைச் சரிசெய்தார்.

விலை இன்னும் ஒரு பைசா ஏறியது.

அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.