சப்பாத்தை மறந்த ஆள்

"என்ரை சப்பாத்து எங்கை வதனா?"

கார் டிக்கியைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு கணேசலிங்கம் கேட்டார்.

"அதுக்குள்ளைதான். என்ரை கையாலை வைச்சனான்."

"இல்லை. நீர் வீட்டிலை விட்டிட்டு வந்திட்டீர்."

டிக்கியைப் படாரென்று மூடினார். கூட வந்திருந்த குடும்பங்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. சந்திரவதனாவுக்கு முகம் சுட்டது.

கோடை வந்தால் லண்டன் லூயிஷாமிலிருந்து எல்லாருமாகச் சேர்ந்து கடற்கரைக்குத்தான் போவார்கள். இந்த முறை 'பக்கி' ஓடப் போவோம் என்று கிளப்பிவிட்டவரே கணேசலிங்கம்தான். இரும்புக் கம்பிக் கூடும் நாலு பெரிய சில்லுமாக, சேற்றிலும் மேட்டிலும் பாய்கிற இரண்டு பேர் வண்டி. கிழக்கு லண்டன் ஓரத்தில், தேம்ஸ் கரைப் பக்கம், கல் தோண்டிக் கைவிட்ட பெரும் பள்ளம் ஒன்றில் ஓட விடுகிறார்கள். வேலையிடத்து ஆட்களோடு ஒருமுறை போய் வந்ததிலிருந்து அவருக்கு அதே பேச்சு.

அந்தக் கிழமை முழுக்க வீடு வீடாகப் போன் அடித்தார்.

"பழைய களிசான் போடுங்கோ. வெயிலெண்டாலும் நீட்டுக் கை சேட்டுத்தான். மூக்கை மூடிக் கட்ட ஒரு லேஞ்சி. மாத்துடுப்பு கட்டாயம். சேத்து உடுப்பைப் போடக் குப்பைப் பையும் வேணும். சால்வை கீல்வை தொங்கக்கூடாது, சில்லு இழுத்துப்போடும். முக்கியமா, கணுக்காலை மூடின சப்பாத்து. அது இல்லாட்டி வண்டியிலை ஏத்தமாட்டான்."

இவ்வளவும் சொன்ன மனிதர் இப்போது கோயிலுக்குப் போடுகிற செருப்போடு நிற்கிறார். பழி மனைவியின் தலையில்.

"வதனாக்கா, ரோல்ஸ் பொரிக்க மறக்கேல்லை, அண்ணையின்ரை சப்பாத்தை மறந்திட்டியளே!" என்று கூட வந்த கனகவல்லி சிரித்தாள்.

"நான் மறக்கேல்லை." அவள் முணுமுணுத்தது யாருக்கும் கேட்கவில்லை.

கணேசலிங்கம் அதற்குள் வேலியோரம் போயிருந்தார். அங்கே சூசைதாசன் தள்ளி நின்றார். முன்வீட்டு மேலறையில் வாடகைக்கு இருக்கிற மன்னார்க்காரர், நாற்பது வயது மனிதர். லண்டனுக்கு வந்து ஒரு குளிர்காலம்தான் கழிந்திருந்தது. வெளுத்துப்போன துணிச் சப்பாத்தோடு காரைவிட்டு இறங்கியதிலிருந்து ஒரே பல்லவி.

"எனக்கு உதெல்லாம் பயம் அண்ணை. நீங்கள் ஓடுங்கோ, நான் சாமான்களைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"சும்மா நில்லாமல் வாரும் தாசன்," என்றார் கணேசலிங்கம். "வண்டிக்காரற்ரை கொட்டிலிலை இரவல் சப்பாத்து குடுப்பாங்கள். தனியப் போய்க் கேக்க வெக்கமாக் கிடக்கு."

இதற்கும் ஒரு துணை வேண்டியிருக்குது இந்த மனிசனுக்கு என்று சந்திரவதனா பல்லைக் கடித்தாள்.

திரும்பி வந்தபோது இருவரும் சேறு காய்ந்த செம்மஞ்சள் மேலுடுப்பில், அளவு பெரிய சப்பாத்துகளில் தொப்புத் தொப்பென்று நடந்தார்கள். எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். கணேசலிங்கம் குனிந்து வணக்கம் வேறு வைத்தார்.

"வதனா, ஏறும்."

"நான் தாசனோடை போறன்."

தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு சூசைதாசனின் வண்டியில் ஏறினாள். "ஓடத் தெரியுமோ?"

"ஓம் அக்கா."

வண்டி உறுமியது. முதல் பள்ளத்தில் சேறு மழையாகக் கொட்டியது. மேடு வந்தபோது வண்டி வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மேட்டு உச்சியில் இஞ்சின் சத்தம் நின்றதும் கண்ணைத் திறந்தாள்.

கீழே ஆறு. தினமும் வேலைக்குப் போகும்போது பஸ் ஜன்னலால் பார்த்த, எப்போது கடந்து முடியும் என்று நினைத்த அந்த ஆறு அல்ல. கடலைத் தேடிக்கொண்டு போகிற ஆறு. வெள்ளியை உருக்கி ஊற்றினாற்போல அகன்று, கப்பல்களைப் பொம்மையாக்கிக்கொண்டு, வானம் தொடுமிடம் வரைக்கும் கிடந்தது.

"இது எங்கடை தேம்ஸோ!"

சூசைதாசன் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கோயிலுக்குள் இருக்கிறவர்போல இருந்தார்.

"இந்த ஊருக்கு இவ்வளவு பெரிய வானம் இருக்கெண்டு எனக்குத் தெரியாது அக்கா."

அவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

இறக்கத்தில் அவர் வண்டியைப் பறக்கவிட்டார். வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்ததேயில்லை.

"பயமெண்டு சொன்னீங்கள்!"

"அது சும்மா சொன்னனான் அக்கா!"

சாப்பாட்டு நேரம். ரோல்ஸ் பெட்டியை எடுக்க டிக்கியைத் திறந்தாள். போர்வையை இழுத்தாள். அடியில், அவள் வைத்தபடியே, கணேசலிங்கத்தின் சப்பாத்து. உள்ளே காலுறைகூடக் கலையவில்லை.

போன கோபம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. எல்லாரும் பார்க்கட்டும் என்று ஒரு சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

கொட்டில் வாசலில் அவரும் சூசைதாசனும் ஒருவர் காலுக்கு ஒருவர் குழாய்த் தண்ணீர் பிடித்துச் சேறு கழுவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வேலியில், சூசைதாசனின் துணிச் சப்பாத்துகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அடி தேய்ந்து ஓட்டையாகி, உள்ளே மட்டை வெட்டி வைத்திருந்தது தெரிந்தது.

கணேசலிங்கம் நிமிர்ந்தார். அவள் கையிலிருந்ததைக் கண்டார். சிரிப்பு நின்றது. சூசைதாசனுக்குத் தெரியாமல், வேண்டாம் என்று அவளுக்கு மெல்லத் தலையாட்டினார்.

"என்ன வதனாக்கா, டிக்கிக்குள்ளை தேடுறியள்?" கனகவல்லி பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

சந்திரவதனா சப்பாத்தைப் போர்வைக்குள் தள்ளி, டிக்கியை மூடினாள்.

"அவரின்ரை சப்பாத்தைத்தான் வல்லி. நல்லாத் தேடிப் பாத்திட்டன். நான்தான் வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன்."