தோணி இருந்த இடம்

ஜப்பானில் ஓர் ஆற்றுக்குப் பாலம் வந்ததும், இனி யாரும் தோணி விடக்கூடாது என்று உத்தரவு போட்டு, பாலத்தில் ஈட்டிக்காரர்களையும் நிறுத்திவிட்டார்கள். ஆற்றங்கரை அச்சுப் பட்டறையின் முதலாளி, செதுக்குபவளான கியோமியின் முன்னால் படம் செதுக்கிய மரக்கட்டையை வைத்தார்.

"படத்துல பாலம் மட்டும் போதும். கீழ இருக்கிற தோணியைச் செதுக்கி எடுத்துடு."

"அதை ஓட்டுறது என் வீட்டுக்காரருங்க. உத்தரவாவது மண்ணாவதுன்னுட்டு இன்னைக்கும் போயிருக்காரு."

"நான் படத்தைத்தான் சொன்னேன்," என்று சிரித்தார்.

அவள் உளியைப் பிடித்தாள். கோடுகள் இருந்த கட்டையில் தோணியும் துடுப்பும் ஆளும் தூளாகப் போயின. ஆற்றின் நீலத்துக்கு வேறொரு கட்டை. தோணி இருக்கும் இடத்தில் நீலம் படாதபடி அதை முன்பே குடைந்திருந்தார்கள். இருவருமே அதை மறந்துவிட்டார்கள். இரண்டு கட்டையிலும் மை பூசித் தாளை அழுத்தி உரித்தபோது ஆற்றின் நடுவே ஒரு வெள்ளைத் தோணி இருந்தது. அதில் முகமில்லாத ஒரு வெள்ளை ஆள் நின்றிருந்தான்.

"இன்னும் கொஞ்சம் நீலம் தடவிப் பாரு."

"பள்ளத்துல எப்படிங்க ஒட்டும்?"

வெளியே பாலத்துப் பலகைகள் தடதடத்தன. கியோமி ஜன்னலுக்கு ஓடினாள். பாலத்தில் போய்க்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே பக்கத்துக் கைப்பிடியில் சாய்ந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே, ஈட்டி ஒன்று குத்தி நின்ற தோணி ஆளில்லாமல் மிதந்து போனது.